எல்லா வீட்டு இலையிலும் ஒரே ஓட்டை

"உங்க வீட்டுப் புழு எங்க வீட்டு இலையைத் தின்னுட்டு மறுபடி உங்க வீட்டுலேயே போய்ப் படுத்துக்குது, இதை ஏன்னு கேக்க இந்தத் தெருவுல ஆளில்லையா?" என்று கமலவேணி டீச்சர் கேட்டுக்கு வெளியே நின்று சொன்னார், நான் கேட்டைத் திறந்ததும் ஒரு சொல் கூடாமல் குறையாமல் அதையே திரும்பச் சொன்னார், முகத்தில் சோப்பு நுரையோடு என் வீட்டுக்காரர் சவரிராஜ் ஜன்னலில் எட்டிப் பார்த்ததும் அவருக்கென்று தனியாக இன்னொரு தடவை சொன்னார். காலமெல்லாம் மூன்றாம் வகுப்புக்கு வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்த வாய். அவர் இடுப்பில், பால்குடி மறக்காத பிள்ளையைப் போல, ஒரு பிகோனியாத் தொட்டி உட்கார்ந்திருந்தது.

நான் பொறுமைசாலி என்று இதுவரை யாரும் சொன்னதில்லை. புழு என்ன பஸ் பிடித்தா வந்து போகிறது என்று கேட்டேன். இலையைத் தின்றது யார் என்று தெரிய இலையைப் பார்த்து ஒப்பாரி வைத்தால் போதாது டீச்சர், இலைக்கு அடியில் பார்க்க வேண்டும் என்றேன். நத்தை தின்றால் நடுவில் கந்தலாக ஓட்டை விழும், பக்கத்தில் காய்ந்த கஞ்சி மாதிரி மினுமினுப்பாக ஒரு தடம் இருக்கும். கூன்வண்டு தின்றால் தபால்தலையின் ஓரம் மாதிரி விளிம்பு மட்டும் பல் பல்லாக இருக்கும், அதன் குஞ்சுகள் மண்ணுக்குள் இருந்து வேரை அரித்துக்கொண்டிருக்கும். வெட்டுக்கிளி பெரிய வாயாக நாலு கடி கடித்துவிட்டு அடுத்த தோட்டம் பார்க்கப் போய்விடும். புழுவோ நரம்பை விட்டுவிட்டு நடுவிலுள்ள சதையை மட்டும் தின்னும், தின்றதையெல்லாம் கடுகு கொட்டின மாதிரி கீழே எச்சமாகப் போட்டு வைக்கும். எச்சம் இல்லாத இடத்தில் புழு இல்லை என்று சொல்லிக்கொண்டே அவர் தொட்டியை விளக்குமாற்றுக் குச்சியால் கிளறிப் பார்த்தேன். எச்சம் இல்லை, தடம் இல்லை, மண்ணில் குஞ்சும் இல்லை. வெறும் ஓட்டைதான் இருந்தது.

"அதைத்தானே சொல்றேன்" என்றார் டீச்சர். "தின்னது இங்கே, பேண்டது உங்க வீட்டுல."

அதற்குப் பிறகு என்ன செய்ய முடியும், பின்வராந்தாவில் துணி உலர்த்தும் கொடிக்குப் பின்னால் யார் கண்ணிலும் படாமல் வைத்திருந்த என் பிகோனியாவைக் கொண்டுவந்து அதன் பக்கத்தில் வைத்தேன். டீச்சர் செடியில் கீழிருந்து மூன்றாவது இலையில் நடுநரம்புக்கு இடப்பக்கம் அவரைவிதை வடிவில் ஓர் ஓட்டை. என் செடியில் கீழிருந்து மூன்றாவது இலையில் நடுநரம்புக்கு இடப்பக்கம் அவரைவிதை வடிவில் ஓர் ஓட்டை. மேல் இலையில் பிறை மாதிரி ஒன்று, அங்கேயும் பிறை. நாங்கள் இரண்டு பேரும் குனிந்து பார்த்துக்கொண்டிருக்கும்போதே என் செடியின் ஓர் இலை ஓரத்தில் மெதுவாக, கண்ணுக்குத் தெரியாத கத்தரி நறுக்குவது போல ஒரு விரல் அகலம் இல்லாமல் போனது, அதே நேரம் டீச்சர் செடியிலும் அதே ஓரத்தில் அதே அகலம் இல்லாமல் போனது. என் தொட்டியிலும் எச்சம் இல்லை. டீச்சர் நிமிர்ந்து, காபி இருக்கிறதா என்று கேட்டார். இருந்தது, குடித்தோம்.

இந்தச் செடி என் வீட்டில் இருப்பது யாருக்கும் தெரியக்கூடாது என்று ஜெசிந்தா சொல்லியிருந்தாள், அதனால்தான் கொடிக்குப் பின்னால் வைத்திருந்தேன். ஜெசிந்தா யார் என்று சொல்ல வேண்டுமென்றால் பள்ளிக்கூடத்திலிருந்துதான் தொடங்க வேண்டும். மேல்ரோட்டில் இருக்கும் கான்வென்ட்டில் அவளும் நானும் ஒரே பெஞ்ச். மதர் பெர்ப்பெச்சுவாவின் அறை ஜன்னலில் ஒரு வெள்ளி பிகோனியா இருந்தது, இலையின் மேல்பக்கம் யாரோ பாதரசத்தில் பட்டை தீட்டின மாதிரியும் அடிப்பக்கம் பீட்ரூட் வெட்டின கை மாதிரியும் இருக்கும், எங்கோ வடக்கே மலையிலிருந்து ஒரு பிஷப் கொண்டுவந்தது, இந்த நாட்டிலேயே வேறு எங்கும் இல்லை என்று நாங்கள் பிள்ளைகளெல்லாம் நம்பினோம். நாங்கள் ஒன்பதாவது படிக்கும்போது அதில் ஓர் இலை, பிளேடால் அறுத்தது போலக் காம்போடு காணாமல் போனது. அன்றைக்கு மதர் அறையைத் துடைக்கும் முறை என்னுடையது. நான் இல்லை என்று சொன்னேன், அழுதேன், மறுபடியும் இல்லை என்று சொன்னேன். பள்ளிக்கூடத்து மாதா கெபிக்கு முன்னால் ஜல்லிக்கல்லில் முட்டி போட்டு நிற்க வைத்தார்கள், மொத்தப் பள்ளிக்கூடமும் வரிசையாக என்னைத் தாண்டி மத்தியானச் சாப்பாட்டுக்குப் போனது, அந்த வருஷ நன்னடத்தை மெடல் எனக்கு என்று ஏற்கனவே பெயர் பொறித்திருந்தார்கள், அதை உருக்கிவிட்டார்கள் என்று சொன்னார்கள். இலைத்திருடி என்ற பெயர் பள்ளிக்கூடத்தோடு போகவில்லை. இது சின்ன மலை. என் கல்யாணப் பந்தலில்கூட ஒருத்தி மாலையில் இலை எல்லாம் சரியாக இருக்கிறதா என்று எண்ணிப் பார்க்கச் சொல்லிச் சிரித்தாள்.

அன்றைக்கு முட்டி போட்டிருந்த எனக்கு ஒரே ஒருத்திதான் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். ஜெசிந்தா. டம்ளரை என் வாயில் வைத்துக்கொண்டு, "நீ எடுக்கலைன்னு எனக்குத் தெரியும்டி" என்றாள். அந்த ஒரு வார்த்தையில்தான் நான் அவளுக்குச் சிநேகிதியானேன், அதிலேயே இத்தனை வருஷமும் குடியிருந்தேன். அவளுக்குப் பிரசவம் என்றால் நான் போய் ரசம் வைத்தேன், அவள் மாமியாரோடு சண்டை என்றால் நான் போய் வைதேன். எங்கள் இரண்டு பேருக்கும் கல்யாணமாகி ஒரே தெருவுக்கு வந்த பிறகு ஒருநாள் அவள் ஈரத்துணியில் சுற்றிய ஓர் இலையைக் கொண்டுவந்தாள். தன் வீட்டுக்காரரின் அத்தை வடக்கேயிருந்து அனுப்பினது, மதர் அறைச் செடி மாதிரியே இருக்கிறது பார், நரம்பைக் கீறி ஈர மணலில் படுக்க வை, குட்டி குட்டியாக முளைக்கும் என்றாள். "உனக்கு மட்டும்தான் எமி, வேற யாருக்கும் இல்ல. யார்கிட்டயும் சொல்லிடாதே, சொன்னா ஆளாளுக்குக் கை நீட்டுவாங்க." என் மனசுக் காயத்துக்கு மருந்து தேடி வடக்கே வரைக்கும் போயிருக்கிறாளே என்று நான் அன்றைக்கு அழுதேன். யாராவது பார்த்துவிட்டுக் கேட்டால் மலர்க் கண்காட்சியில் வாங்கியது என்று சொன்னேன்.

டீச்சர் தன்னுடையதைப் பெங்களூரில் வாங்கியது என்றார். கறிக்கடை பாஷா பாயின் மனைவி நூர்ஜஹான், தன் கொழுந்தன் ஊட்டியிலிருந்து கொண்டுவந்தது என்றாள். தெரு முழுக்க வெள்ளி பிகோனியா இருந்திருக்கிறது, அவரவர் வீட்டுக் குளியலறை ஜன்னலில், மாடிப்படிக்கு அடியில், தண்ணீர்த்தொட்டிக்குப் பின்னால். டீச்சர் அன்றைக்கு இடுப்பில் தொட்டியோடு வீதியில் இறங்கியதும் ஒவ்வொரு கதவாகத் திறந்து ஒவ்வொருத்தியும் தன் தொட்டியோடு வெளியே வந்தாள், எல்லா இலையிலும் ஒரே ஓட்டை. ஒரே தாய்க்குப் பிறந்த இலைகள் என்பது பச்சைப் பிள்ளைக்கும் புரியும். பெங்களூர் பொய், ஊட்டி பொய், கண்காட்சி பொய். எல்லோரும் பொய் சொல்லியிருந்ததால் யாரும் யாரையும் கேட்கவில்லை, எங்கிருந்து வந்தது என்பதைத் தாண்டி எப்படித் தடுப்பது என்பதற்குப் பேச்சு வெகு சுலபமாகப் போய்விட்டது. தன் தொட்டியைத் தூக்கிக்கொண்டு நின்ற ஜெசிந்தாவைப் பார்த்தேன். அவள் தோளைக் குலுக்கினாள். யாரோ தன் வீட்டிலிருந்து கிள்ளியிருக்கிறார்கள் போல, என்று காதில் சொன்னாள். நம்பினேன்.

ஆக மழைக்காலம் முடிந்து பனி தொடங்குவதற்குள் எங்கள் தெரு இந்த ஓட்டைகளுக்குப் பழகிவிட்டது. ஒரே ஓட்டைக்காரிகள் ஒருவரையொருவர் சம்பந்தி என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். கோவில் பூசாரி அதற்கு ஒரு பரிகாரம் சொன்னார், பங்குச் சாமியார் பிரசங்கத்தில் அதை, அக்கம்பக்கத்து வீடுகள் கூடி ஜெபிக்கும் அன்பியத்துக்கு உதாரணம் காட்டினார், கண்காட்சிக் கமிட்டி ஒரே ஓட்டையுள்ள செடிகள் எத்தனை வந்தாலும் ஒரே செடியாகத்தான் கணக்கில் எடுக்கப்படும் என்று போர்டு எழுதி வைத்தது. ஆண்கள் காலையில் டீக்கடைக்கு வரும்போதே, இன்றைக்கு எங்கே, நுனியிலா, ஓரத்திலா என்று கேட்டுக்கொண்டார்கள். கடித்தது எந்த வீட்டுப் பிராணி என்று கண்டுபிடிப்பதுதான் எங்கள் வேலையானது. ஓட்டை எல்லா வீட்டிலும் விழும், ஆனால் எச்சமும் தடமும் தின்ற வீட்டில் மட்டும்தான் இருக்கும் என்பதால், விளக்கு வைக்கும் நேரத்தில் தெரு முழுக்கப் பெண்கள் டார்ச்சோடு குனிந்து இலைக்கு அடியில் பார்ப்போம், யார் வீட்டில் மினுமினுப்போ கடுகோ தெரிகிறதோ அவள் குரல் கொடுக்க வேண்டும்.

நூர்ஜஹான் வீட்டில் நத்தை அகப்பட்டது. தொட்டியின் விளிம்புக்கு அடியில் குடும்பத்தோடு ஒட்டிக்கொண்டிருந்தது, பொறுக்கி உப்புத்தண்ணீரில் போட்டுவிட்டு, பொடித்த முட்டையோட்டைச் செடியைச் சுற்றி வட்டமாகக் கொட்டினோம், கந்தல் ஓட்டைகள் மறுநாளே எல்லா வீட்டிலும் நின்றன. டீச்சர் வீட்டில் முதல்நாள் கிளறியபோது அகப்படாத கூன்வண்டு பிறகு அகப்பட்டது. தொட்டியைக் கவிழ்த்தபோது வேருக்குள் அரிசிமாதிரி வெள்ளைக் குஞ்சுகள், மண்ணை மாற்றி, வேரைக் கழுவி, வேப்பம் பிண்ணாக்குப் போட்டு வைத்தோம், பல் பல்லான ஓரம் நின்றது. டீச்சர் வெட்கத்தில் பக்கத்து வீட்டுக்கு வடை கொடுத்தனுப்பினார். எல்லோரும் ஏன் மருந்தடிக்க வேண்டும், ஒருத்தர் அடித்தால் எல்லா வீட்டுக்கும் போய்ச் சேராதா என்று சவரிராஜ் ஓர் அறிவாளித்தனமான கேள்வி கேட்டார், அதையும் செய்து பார்த்தோம். வேப்பெண்ணெயில் சோப்புத்தண்ணீர் கலந்து என் செடிக்கு மட்டும் அடித்தேன், என் செடிதான் நாறியது. நல்லது எதுவும் தெருவைத் தாண்டவில்லை, கடி மட்டும்தான் தாண்டியது.

ஆனால் புழு நிற்கவில்லை. நரம்பை விட்டுச் சதையைத் தின்னும் அந்தக் கடி நாளுக்கு நாள் பெரிதானது, இலைகள் மீன் சாப்பிட்டு வைத்த முள் மாதிரி ஆயின, எந்த வீட்டிலும் ஒரு கடுகு அளவு எச்சம் இல்லை. அப்படியானால் எங்கள் கணக்கில் வராத ஒரு தொட்டி எங்கேயோ இருக்கிறது. அங்கே யாரோ புழுவைப் பொறுக்காமல் விட்டு வைத்திருக்கிறார்கள். தெருவில் சந்தேகம் வந்தது, சந்தேகம் வந்ததும் அது எங்கே போய் உட்காரும் என்று எனக்குத் தெரியும், பழகிய இடம் இருக்கிறதே. எமி வீட்டுப் பரணைப் பார்த்தீர்களா, எமி வீட்டு விறகு ஷெட்டைப் பார்த்தீர்களா என்று பேசிக்கொண்டார்கள். நானே கதவைத் திறந்துவிட்டேன், பாருங்கள், அரிசிப்பானைக்குள்ளும் பாருங்கள் என்று. பார்த்தார்கள். ஜெசிந்தா பின்னால் நின்று, எமி அப்படிப்பட்டவள் இல்லை என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அதற்கும் நான் நன்றியாக இருந்தேன், எனக்கு வேறு யார் இருந்தார்கள்.

டிசம்பரில் மதர் பெர்ப்பெச்சுவா கன்னியாஸ்திரியாக வார்த்தைப்பாடு எடுத்ததன் ஜூபிலி வந்தது. எங்கள் பிள்ளைகளும் அங்கேதான் படித்தார்கள் என்பதால் தெருவே கேக் எடுத்துக்கொண்டு போனது, நூர்ஜஹான் பிரியாணிச் சட்டியோடு வந்தாள். மதருக்கு உடம்பு முடியவில்லை, ஹாலிலேயே கேக்கை வைத்துவிட்டுப் போய்விடலாம் என்று ஜெசிந்தா இரண்டு தடவை சொன்னாள். அதற்குள் மதரே மேலே கூப்பிட்டனுப்பினார்.

அறை அப்படியே இருந்தது. மதருக்குக் கண் பார்வை போய்விட்டிருந்தது, குரல் போகவில்லை, இத்தனை காலம் இங்கே இருந்தும் கடைசிவரை ழகரம் வராத அந்தத் தமிழும் போகவில்லை. ஜன்னலில் பிகோனியா. மரம்போலத் தடித்த தண்டு, அதில் மீன்முள் மாதிரி இலைகள், கீழே தட்டில் கடுகு டப்பா கவிழ்ந்த மாதிரி எச்சம், ஒவ்வொரு இலைக்கு அடியிலும் சுண்டுவிரல் தடிமனில் பச்சைப் புழு. யாரும் ஆச்சரியப்படவில்லை. கீழிருந்து மூன்றாவது இலை, அவரைவிதை, என்றார் டீச்சர். மேல் இலை, பிறை, என்றாள் நூர்ஜஹான்.

"இலையில ஓட்டை இருக்கு" என்றார் மதர், இலையைத் தடவிக்கொண்டே. "நான் தினமும் கையால பார்க்கிறேன். புதுசு புதுசா வருது. பூச்சின்னு சொன்னாங்க, எனக்குப் பிடிக்கத் தெரியல." டீச்சர் அவரிடம் விஷயத்தைச் சொன்னார், தெரு முழுக்க இதே ஓட்டை என்று. மதர் குழந்தை மாதிரி சிரித்தார். "அப்போ அந்த இலை சாகல. உங்க எல்லார் வீட்டிலும் இருக்கு." பிறகு கொஞ்சம் யோசித்துவிட்டு, "எமரென்சியா வந்திருக்கிறாளா?" என்றார்.

இருக்கிறேன் மதர் என்றேன், சொல்லிக்கொண்டே ஜெசிந்தாவைப் பார்த்தேன். அவள் செடியைப் பார்க்கவில்லை, கதவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வடக்கே அத்தை இல்லை, பார்சல் இல்லை, இந்தத் தண்டில் பிளேடு பட்ட தழும்பு இன்னும் இருக்கிறது, அதிலிருந்து போன ஒற்றை இலையை அவள் முளைக்க வைத்த வம்சம்தான் என் கொடிக்குப் பின்னால் இருக்கிறது, அதில் ஓர் இலையைத்தான் ஈரத்துணியில் சுற்றிக் கொண்டுவந்து எனக்கு மட்டும் என்று கொடுத்தாள், நான் எதற்காக முட்டி போட்டேனோ அதையே எனக்குப் பரிசாகக் கொடுத்தாள், நான் அதை நற்கருணை மாதிரி ஒளித்து வைத்துத் தண்ணீர் ஊற்றினேன். நான் எடுக்கவில்லை என்று தனக்குத் தெரியும் என்று அன்றைக்குச் சொன்னாளே, ஊரில் ஒருத்தியாவது என்னை நம்பினாள் என்று அந்த வார்த்தையைத் தலையணைக்கடியில் வைத்துக்கொண்டு தூங்கினேனே. அதில் நம்பிக்கை எங்கே வந்தது. எடுத்தவளே அவள், அவளுக்குத் தெரியாமல் வேறு யாருக்குத் தெரியும்.

நான் வாயைத் திறப்பதற்குள் ஜெசிந்தா மதரின் கட்டிலருகே மண்டியிட்டாள். அவள் குரல் எப்போதும் போல இனிமையாக இருந்தது. "மன்னிச்சிடுங்க மதர். எமி அப்ப சின்னப் பொண்ணு. அறியாம செஞ்சிட்டா. தனக்குன்னு வச்சுக்காம எங்க எல்லாருக்கும்தானே பங்கு போட்டுக் கொடுத்தா."

இந்த அதிசயத்தில் ஒரு குறை இருந்தது, அதை அவள் எனக்கு முன்னால் கண்டுபிடித்துவிட்டாள். எது எதற்குச் சொந்தம் என்று கடி சொல்லும், யார் யாருக்குக் கொடுத்தார்கள் என்று சொல்லாது.

மதர் கையை நீட்டினார். நான் போகவில்லை, பக்கத்தில் நின்றவர்கள் என்னை மெதுவாக முன்னால் நகர்த்திவிட்டார்கள், அன்பாகத்தான். அந்தக் கிழட்டுக் கை என் தலையில் உட்கார்ந்தது. "அன்னைக்கே மன்னிச்சிட்டேன், பிள்ளே" என்றார். "நல்லதுதான் செஞ்சே. என் செடி இத்தனை வீட்டுல இருக்கு." டீச்சர் மூக்கை உறிஞ்சினார். நூர்ஜஹான் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். தெருவுக்கே மனசு இளகிவிட்டது, எல்லோரும் என்னை மன்னித்தார்கள்.

நான் செய்யாததை நான் செய்யவில்லை என்று சொன்னேன். இந்த இலை எனக்கு ஜெசிந்தா கொடுத்தது என்று சொன்னேன். சொன்ன விதம் சரியில்லாமல் இருந்திருக்கலாம், எனக்குக் கோபம் வந்தால் கான்வென்ட் இங்கிலீஷும் தெருத் தமிழும் கலந்து வரும். மதர் என் தலையைத் தட்டிக்கொண்டே இருந்தார், அழும் பிள்ளையைத் தட்டுவது போல. ஜெசிந்தா எழுந்து, பாவம், இன்னும் வெட்கப்படுகிறாள் என்றாள்.

அப்போதுதான் டீச்சர் முகத்தைப் பார்த்தேன், நூர்ஜஹான் முகத்தைப் பார்த்தேன், ஒவ்வொருத்தி முகமாகப் பார்த்தேன், எல்லோரும் ஒரே நேரத்தில் வேறு வேறு பக்கம் திரும்பினார்கள், எனக்குப் புரிந்தது. எல்லோர் வீட்டுக்கும் ஒரே ஈரத்துணிதான் வந்திருக்கிறது. உனக்கு மட்டும்தான், யார்கிட்டயும் சொல்லிடாதே, என்று ஒவ்வொருத்தி காதிலும் ஒரே குரல்தான் சொல்லியிருக்கிறது. ஒவ்வொருத்தியும் அதை என்னைப் போலவே தனக்கு மட்டும் கிடைத்த ஒன்றாக வைத்துக் காப்பாற்றியிருக்கிறாள். இப்போது வாயைத் திறந்தால் அந்த ஒன்று போய்விடும், தன் ஜன்னலில் இருப்பது திருட்டு இலை என்று ஆகிவிடும், பெங்களூரும் ஊட்டியும் மதர் முன்னால் பொய்யாகிவிடும். முட்டி போட்டு முடித்த திருடி ஒருத்தி ரெடியாகக் கையில் இருக்கும்போது, மன்னிப்பும் கிடைத்துவிட்ட பிறகு, புதிதாக ஒருத்தியைத் தேட யாருக்கு என்ன தலையெழுத்து.

யாரோ ஒரு கிண்ணத்தில் சோப்புத்தண்ணீர் கொண்டுவந்தார்கள். டீச்சர் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இலைகளைப் புரட்ட, நூர்ஜஹான் ஒவ்வொரு புழுவாக நோகாமல் எடுத்துக் கிண்ணத்தில் போட்டாள், மற்றவர்கள் சுற்றி நின்று அதோ, இதோ, தண்டுக்கு அந்தப் பக்கம் ஒன்று என்று காட்டினார்கள். ஜெசிந்தா தொட்டியை வெளிச்சத்துக்குத் திருப்பிப் பிடித்துக்கொண்டிருந்தாள். அவர்கள் அவ்வளவு ஒற்றுமையாக வேலை செய்து நான் பார்த்ததில்லை. இனி எந்த வீட்டிலும் ஓட்டை விழாது.

மதரின் கை இன்னும் என் தலைமேல்தான் இருந்தது. நான் அதை எடுத்து அவர் மடியில் வைத்துவிட்டு, அவர்கள் முதுகுகளைப் பார்த்துச் சொன்னேன்.

"நான் சண்டைக்கு வரல. யாரையும் தண்டிக்கச் சொல்லல. மதர் காதுல விழற மாதிரி, உங்க வீட்டுக்கு இலையைக் கொண்டுவந்து கொடுத்தது யாருன்னு மட்டும் சொல்லுங்க. டீச்சர். நூர்ஜஹான். யாராவது ஒருத்தர் சொன்னா போதும்."